எலுமிச்சைக்கு ஜாமீன் நின்றவர்

கிழவர் படம் வந்த நாலாம் நாள் மேட்னி ஷோவில், செந்தூரான் டாக்கீஸுக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மழை இல்லை, குழாய் உடையவில்லை, மேல்தொட்டி வழியவில்லை, நாங்கள் அழுத தண்ணீர்தான் அது. பெண்கள் பக்கம் அழுதது, பால்கனியில் அழுதது, பெஞ்சு டிக்கெட்டில் பீடியை அணைத்துவிட்டு அழுதது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, தரைச் சரிவில் இறங்கி, திரைக்கு முன்னால் குளம் கட்டி, அங்கிருந்து வரிசை வரிசையாக ஏறி வந்து எங்கள் பாதத்தை நனைத்தது. யாரும் கத்தவில்லை. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டோம், செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். படம் முடிகிற நேரத்தில் எழுந்து போனால் விட்ட இடத்தை யார் காட்டுவார்கள்?

படத்துக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. எங்கள் நல்லமாபுரத்தில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை, எல்லோருக்கும் அது கிழவர் படம்தான். கதையும் பெரிய கதையில்லை. பட்டணத்து அடுக்குமாடி வீட்டில் ஒரு கிழவர். பெண்சாதி செத்துப்போனாள். கிழவர் பால்காரனைத் திட்டுவார், வாட்ச்மேனைத் திட்டுவார், படியில் கோலம் போடுகிற மேல்வீட்டுப் பெண்ணைத் திட்டுவார், ஆள் கிடைக்காத அன்றைக்கு லிப்டைத் திட்டுவார். வீட்டுக்குள் வந்ததும் செத்தவளின் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்த்து, மூடி, எடுத்த இடத்திலேயே வைப்பார். கடைசியில் அந்த மேல்வீட்டுப் பெண் ஒரு டம்ளர் ரசம் கொண்டுவந்து நீட்டுகிறாள். கிழவர் ஒரு வாய் குடித்துவிட்டு "உப்பு கம்மி" என்கிறார். சொன்ன வாய் அப்படியே கோணிக்கொண்டு போகிறது, அழுகிறார். அந்த இடத்தில்தான் எங்களுக்கும் உடைந்தது. பெற்ற தாய் செத்த அன்றைக்குப் பந்தல்காரனோடு மல்லுக்கு நின்ற என் வீட்டுக்காரர், "உப்பு கம்மி" என்றதும் முன்சீட்டில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

டாக்கீஸ் முதலாளி தங்கமாரியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கண்ணீருதாம்ல. கரண்டு ஒயரு கீழ ஏதும் ஓடுதான்னு மட்டும் பாரு" என்று ஆபரேட்டருக்குக் குரல் கொடுத்துவிட்டு, முறுக்குத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்துவந்தவனுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். அவருக்கு அவ்வளவுதான் யோசனை.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குத் தோதாகத் தன்னை மாற்றிக்கொண்டது. செருப்பை மாட்டிவைக்க ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு ஆணி அடித்தார்கள். ஆண்கள் லுங்கியோடு வரலாம் என்று போர்டு எழுதிவைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்றவர் அந்தத் தண்ணீரில் ஒரு ஷோ காலை வைத்திருந்தால் பித்தவெடிப்பு ஆறும் என்று சொன்னதால், படம் வேண்டாம், தண்ணீர் போதும் என்று வேறு சிலர் வந்தார்கள், வந்தவர்களும் அழுதுவிட்டுப் போனார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்துக்கொண்டு மகளிர் குழு வந்தது. ஸ்கூல் ஹெட்மாஸ்டர் பிள்ளைகளைக் கூட்டிவந்து, வீட்டில் பெரியவர்கள் திட்டினால் இப்படித்தான் புரிந்துகொள்ளவேண்டும் என்று இடைவேளையில் பிரசங்கம் செய்தார். வார்டு கவுன்சிலர் தன் படத்தைப் பெரிதாகவும் கிழவர் படத்தைச் சிறிதாகவும் போட்டு, கண்ணீர் சிந்திய நல்லுள்ளங்களுக்கு நன்றி என்று பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் கட்டினார். நல்லுள்ளம் என்று கவுன்சிலரே சொன்ன பிறகு எங்களுக்குத் தலை கால் புரியவில்லை. எத்தனை தடவை பார்த்தோம், எந்த வரிசையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டோம். பெண் பார்க்க வருகிறவர்களிடம், பையனுக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால், "கிழவர் படத்துக்கு அழுதானா?" என்று கேட்டார்கள். அழாத ஒரு பையனுக்கு நிச்சயதார்த்தம் வரை வந்த சம்பந்தம் கலைந்தது.

இன்னொன்றும் நடந்தது, அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெற்றிலைக்கடை நம்பியின் தாயார் இறந்துபோனாள். போனோம், கட்டிப்பிடித்தோம், மாரில் அடித்தோம், கண்ணில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நம்பிக்கே வரவில்லை. முந்தின நாள்தான் குடும்பத்தோடு இரண்டாம் தடவை பார்த்துவிட்டு வந்திருந்தான். "அங்கயே அழுதாச்சுல்லா, மைனி" என்று அவன் பெண்சாதி என் காதில் சொன்னாள். நியாயம்தானே என்று எனக்கும் பட்டது.

தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது தங்கமாரியப்பன் ஒரு மோட்டார் வாங்கி வைத்தார். பின்சுவரில் ஓட்டை போட்டு, ஹோஸ் குழாயை வெளியே விட்டார். டாக்கீஸுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் கடைசியில் இரண்டு வீடு. ஒன்று என் வீடு. நான் கோமு, பிளவுஸ் தைக்கிறவள். எங்கள் வீட்டைக் கட்டும்போது என் மாமனார் மூன்று படி உயர்த்திக் கட்டிவிட்டார். அடுத்த வீடு தாழ்ந்த வீடு. ஒவ்வொரு ஷோவும் முடிந்ததும் தண்ணீர் சந்து வழியாக ஓடிவந்து, என் படியைத் தொட்டுத் திரும்பி, அந்த வீட்டு முற்றத்தில் இறங்கியது.

அந்த வீட்டில் இருந்தவர் குற்றாலிங்கம் அண்ணாச்சி. பெண்சாதியைப் பறிகொடுத்த கிழவர். கோபக்காரர். நான் கதைக்காகச் சொல்லவில்லை, எட்டு மாதம் முன்னால்தான் அவர் பெண்சாதி, நாங்கள் மைனி என்று கூப்பிடுகிற வடிவு, செத்துப்போனாள்.

அண்ணாச்சி முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். டிரைவர்களை விசிலடித்து விரட்டியே தொண்டை கரகரத்துப்போன மனுஷன். ரிட்டையராகி வீட்டுக்கு வந்தபிறகும் விசில் கழுத்தில்தான் தொங்கும். பால் ஐந்து நிமிஷம் தாமதமானால் விசில். பிள்ளைகள் பந்து விழுந்தால் விசில். தையல் மெஷின் மத்தியானத்தில் ஓடினால் என் வீட்டுச் சுவரைப் பார்த்து விசில். வடிவு மைனி செத்த அன்றைக்குத் தெருவே கூடியிருக்கிறது, மனுஷன் அழவில்லை. வாட்சைப் பார்த்தபடி நின்று, "மணி நாலு பத்து. நாலுக்கு எடுக்கணும்னு சொன்னேம்லா?" என்று பாடை தூக்குகிறவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். அதைத் தெரு மறக்கவில்லை. கல்நெஞ்சன் என்று அன்றைக்கு வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அந்த முற்றத்தில் ஒரு எலுமிச்சை மரம் நின்றது. வடிவு மைனி விதை போட்டு முளைக்கவைத்த மரம். பதினாலு வருஷமாகியும் பூக்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. காய்க்காத மரத்துக்குப் பழைய செருப்பும் விளக்குமாறும் கட்டித் தொங்கவிட்டால் ரோஷம் வந்து காய்க்கும் என்று சொல்வார்களே, அதைப்போல மைனியின் மாமியார் உயிரோடு இருந்தபோது ஒருநாள் இரண்டையும் கொண்டுவந்து கிளையில் கட்டினாள். கட்டும்போது அவள் பார்த்தது மரத்தை அல்ல. வடிவு மைனி ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்துக் குப்பையில் போட்டாள். "அசிங்கப்படுத்துனா எது காய்க்கும் கோமு?" என்று பிற்பாடு என்னிடம் கேட்டாள்.

அதனால் அவள் இன்னொரு வழியைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அரிவாளோடு மரத்தடியில் நின்று வெட்டப்போகிறேன் என்று மிரட்டவேண்டும், இன்னொருவர் குறுக்கே நின்று மரத்துக்காகக் கெஞ்சவேண்டும். ஒவ்வொரு ஆடிப் பதினெட்டும் மத்தியானம் இரண்டரைக்கு, சாப்பாடு முடித்துக் கை கழுவிய ஈரத்தோடு, மைனி அரிவாளை ஓங்குவாள். "காய்க்காத மரம் எனக்கெதுக்கு? வெட்டிப் போடுதேன்!" என்பாள். அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மரத்துக்கு முன்னால் நிற்பார்.

"வெட்டாத வடிவு. இந்த ஒரு வருசம் பொறுத்துக்க. அடுத்த வருசம் காய்க்கும். நான் ஜாமீன்."

யாரிடமும் ஒரு சொல் இறங்கிப் பேசாத மனுஷன் வருஷத்தில் அந்த ஒரு நாள் கெஞ்சுவார். கெஞ்சும்போது குரலில் கரகரப்பே இருக்காது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டு நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். சிரித்து முடித்ததும் ஏனோ மெஷினில் நூல் கோர்க்க வராது.

மைனி ஐப்பசியில் செத்தாள். அடுத்த ஆனியில் மரம் முதல்முதலாக மொட்டு விட்டது. அண்ணாச்சி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "எம்மா கோமு, மெசின நிப்பாட்டு. இங்க வந்து பாரு" என்றார். விசில் அடிக்காமல் கூப்பிட்டது அன்றைக்குத்தான். போய்ப் பார்த்தேன். அரிசி அளவு, வெள்ளையும் ஊதாவும் கலந்த மொட்டு, மொத்தம் முப்பத்தாறு. அவர் எண்ணிவைத்திருந்தார். "அவ போனபொறவு மொட்டு விடுதே, இதுக்கு என்ன கொழுப்பு பாத்தியா" என்று மரத்தைத் திட்டினார். திட்டிவிட்டு அதன் பட்டையைத் தடவிக்கொண்டே நின்றார். அந்த வாரம்தான் கிழவர் படம் வந்தது.

மோட்டார் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் மரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்தது. இலை நுனி கருகியது. முப்பத்தாறு மொட்டு பத்தொன்பதாகியது. அண்ணாச்சி விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு நேரே டாக்கீஸுக்குப் போனார். இடைவேளை. கூட்டம் முழுக்க வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தது. கண்ணெல்லாம் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நானும் அதில் நின்றேன். அவர் அடித்த விசிலில் டீ மாஸ்டர் பாலைச் சிந்தினான்.

"வே, தங்கமாரியப்பன்! உம்ம தண்ணிய வேற பக்கம் திருப்பும். உப்புத் தண்ணி மரத்துக்கு ஆகாது."

"அண்ணாச்சி, அது சும்மா தண்ணியில்ல, சனங்க கண்ணீரு" என்றார் தங்கமாரியப்பன், பதமாக. "நீங்க ஒரு தடவ உள்ள வந்து படத்தப் பாருங்க. உங்களுக்குன்னு எடுத்தாப்ல இருக்கு. டிக்கெட்டே வேண்டாம்."

"பொண்டாட்டி செத்த கதைய நான் எதுக்குவே காசில்லாமலும் பாக்கணும்?"

கூட்டம் முகம் சுளித்தது. மகளிர் குழுத் தலைவி பாக்கியம் முன்னால் வந்து, "இந்த வயசுல இவ்வளவு கோவம் ஆகாதுய்யா. அந்தப் படத்துல வாறவரும்தான் திட்டுதாரு. ஆனா உள்ள எவ்வளவு ஈரம்!" என்றாள். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க எங்க அழுதிய? மைனி செத்தன்னைக்கே அழலியே."

அண்ணாச்சி விசிலை உதட்டில் வைத்தார், ஊதாமலே இறக்கினார். பெல் அடித்துவிட்டது. நாங்கள் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே ஓடினோம். அவர் அழாதது அன்றைக்கு ஒரு பேச்சாக ஆகிவிட்டது. அந்தப் பேச்சு இல்லாமலிருந்தால் ஒருவேளை தண்ணீரை வேறு பக்கம் திருப்பியிருப்பார்கள், அதற்கு அப்புறம் யாரும் திருப்பவில்லை.

அதன் பிறகு அவர் கேட்டுக்கொண்டு யாரிடமும் போகவில்லை. எழுபத்தோரு வயதில் மண்ணைச் சுமந்து மரத்தைச் சுற்றிக் கரை கட்டினார். தண்ணீர் கரையை அரித்துக்கொண்டு உள்ளே போனது. சிமெண்டுச் சாக்கில் மணல் நிரப்பி அடுக்கினார். தண்ணீர் அடியால் ஊறியது. பிறகு வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தார். ஒரு ஷோ முடிந்தால் இரண்டு மணி நேரம் இறைப்பார், இறைத்து முடிப்பதற்கும் அடுத்த ஷோ விடுவதற்கும் சரியாக இருக்கும். டைம் கீப்பர் அல்லவா, நேரமெல்லாம் மனப்பாடம். தெருக்குழாயில் நல்ல தண்ணீர் பிடித்துக் குடம் குடமாக வேரில் ஊற்றுவார். படம் விட்டுப் போகிறவர்கள் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார்கள். "பாரேன் பிடிவாதத்த" என்பார்கள். மொட்டு பதினொன்றாயிற்று. பிறகு நாலு.

ஆடிப் பதினெட்டு வந்தது. காலையில் அண்ணாச்சி என் வாசலுக்கு வந்தார். முப்பது வருஷத்தில் என் வீட்டுப் படி அவர் ஏறியதில்லை. சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் துணி சுற்றிய அரிவாள்.

"எம்மா, இன்னைக்கு மத்தியானம் ரெண்டரைக்கு நீ வரணும்."

"என்னத்துக்கு அண்ணாச்சி?"

"வடிவு நிக்க இடத்துல அரிவாளோட நிக்கணும். வெட்டப்போறேன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்." கொஞ்சம் நிறுத்தி, "நாலு மொட்டுல ஒண்ணு பிஞ்சாயிட்டு. அது நிக்கணும். ரெண்டு பேரு இல்லாம அதச் செய்ய முடியாது பாத்துக்க" என்றார்.

அன்றைக்கு மேட்னிக்கு நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து போவதாக இருந்தோம். எனக்கு அது பதினோராவது தடவை. மூன்றாவது வரிசையில் இடம் பிடித்துவைக்கப் பாக்கியத்திடம் சொல்லியிருந்தேன். மேட்னியும் இரண்டரைக்குத்தான்.

"நாளைக்கு வாறேன் அண்ணாச்சி. இன்னைக்கு ஒரு சோலி இருக்கு."

"ஆடிப் பதினெட்டு நாளைக்கு வராதும்மா."

"ஒரு நாள்ல என்ன ஆயிரப்போகுது?"

அவர் வாட்சைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். அவர் அரிவாளைத் துணியில் மறுபடி சுற்றிக்கொண்டு, "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். படி இறங்கிப் போனார்.

நான் போனேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது, போனேன். அன்றைக்கு என்றும் இல்லாத அழுகை. படத்தில் கிழவர் கண்ணாடிக் கூட்டைத் திறக்கும்போதே எனக்கு ஆரம்பித்துவிட்டது. "உப்பு கம்மி"க்கு வரும்போது ஏங்கி ஏங்கி, பக்கத்துச் சீட்டுக்காரிகள் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். தனியாக இருக்கிற ஒரு மனுஷனுக்கு ஒரு டம்ளர் ரசம் கொண்டுபோய்க் கொடுக்க இத்தனை நாளாகியிருக்கிறதே, அந்த மேல்வீட்டுக்காரிக்கு மனசே இல்லையா என்று அழுதேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்து அழுதேன். படம் விட்டதும் மோட்டார் போட்டார்கள். நான் வீடு திரும்பும்போது தண்ணீர் எனக்கு முன்னால் சந்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அழுததும் அதில்தான் போனது. சுவருக்கு அப்பால் வாளிச் சத்தம் கேட்டது. மெஷினில் உட்கார்ந்து ஒரு பிளவுஸுக்குக் கை இரண்டையும் மாற்றித் தைத்தேன்.

நாளைக்கு வருகிறேன் என்று சொன்ன நாளைக்கும் நான் போகவில்லை. போவதற்கு முகம் இல்லை. அதற்கு அடுத்த வாரம், ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, பால்காரர்தான் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். அண்ணாச்சி மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் வாளி. கால் இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன. மரத்தில் இலை ஒன்றுகூட இல்லை.

தங்கமாரியப்பன் நல்ல மனுஷன், சந்தில் சாவு என்றதும் அன்றைக்கு மேட்னியை ரத்துசெய்தார். மேட்னிக்கு வந்த கூட்டம் முழுக்கச் சாவு வீட்டுக்கு வந்தது. சந்து கொள்ளவில்லை. அண்ணாச்சியின் தம்பி மகன் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்து இறங்கி, இவ்வளவு ஜனமா என்று திகைத்துப்போனான். நீர்மாலைக்குக் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்தார்கள், குளிப்பாட்டினார்கள், கோடித்துணி போர்த்தினார்கள். விசிலைக் கழற்றுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் பேசி, கழற்றாமலே விட்டார்கள். நாலு மணிக்கு எடுப்பதாக இருந்தது. ஆனால் அழுகை வரவில்லை.

எங்கள் பக்கத்தில் அழுகைச் சத்தம் இல்லாமல் பிணம் வாசலைத் தாண்டக்கூடாது. அப்படித் தாண்டினால் தெருவுக்கே ஆகாது. பாக்கியம் ஒப்பாரியை எடுத்தாள், இரண்டு அடி பாடினாள், அது கல்யாணப் பாட்டைப்போல வந்தது, நிறுத்திவிட்டாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பெரிய வெங்காயம் நாலை நறுக்கி முகர்ந்து பார்த்தோம். கண் எரிந்தது, ஈரம் இல்லை. பாடை கட்டுகிற மாடக்கண்ணு வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "எம்மா, ஒரு பொட்டாவது விடுங்க. நான் எப்படித் தூக்குவேன்?" என்றார்.

டாக்கீஸ் ஆபரேட்டருக்குத்தான் அந்த யோசனை வந்தது. அவன் போனில் கடைசிக் காட்சி இருந்தது. அதைப் பிணத்தின் தலைமாட்டில், குத்துவிளக்கில் சாய்த்துவைத்துச் சத்தத்தை முழுக்க வைத்தான். எல்லோரும் நெருக்கிக்கொண்டு குனிந்தோம். மேல்வீட்டுப் பெண் படியிறங்கி வந்தாள். கையில் டம்ளர். அதைப் பார்த்ததுமே பாக்கியத்துக்கு உதடு துடித்தது. அவளைப் பார்த்து நம்பியின் பெண்சாதிக்கு. அவளைப் பார்த்து எல்லோருக்கும். அய்யோ அய்யோ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு நாங்கள் அழுத அழுகையில், படத்தைப் பார்த்தே இராத தம்பி மகன்கூட எட்டிப் பார்த்து அழுதான். குற்றாலிங்கம் அண்ணாச்சி அந்தப் போனுக்கு உச்சந்தலையைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

"இப்பத் தூக்கிரலாம்" என்றார் மாடக்கண்ணு. "ஆனா பாடை திரும்பணும்னா இந்த மரம் இடிக்கும். பட்டுப்போன மரந்தானே?"

"வெட்டிருங்க" என்று தம்பி மகன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

மாடக்கண்ணு சுற்றும் முற்றும் பார்த்தார். சுவர் ஓரத்தில் துணி சுற்றிய அரிவாள் ஒன்று சாய்ந்திருந்தது. அதை எடுத்துப் பிரித்தார். மரத்தடியில், வடிவு மைனி வழக்கமாக நிற்கிற அதே இடத்தில் போய் நின்றார். ஓங்கியவர் கொஞ்சம் தாமதித்தார். முற்றத்து மரத்தை வெட்டும்போது, வீட்டு ஆள் சொல்லியிருந்தாலும், பக்கத்தில் நிற்கிறவர் ஒருவரையும் கேட்டுவிட்டு வெட்டுவது அவர் வழக்கம். அழுகிற கூட்டத்தில் அவர் பக்கம் முகம் திருப்பி நின்றவள் நான் ஒருத்திதான்.

"வெட்டிரட்டுமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

ஓங்கிய அரிவாளுக்குக் கீழே, தண்டிலிருந்து கிளைத்த ஒரு கொம்பில், கோலிக்குண்டு அளவில் பச்சையாக ஒரு பிஞ்சு இருந்தது. நான் பார்த்தேன். சொல்லவேண்டியது என்னவென்று அந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். வருஷா வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட வார்த்தைகள். வெட்டாத. இந்த ஒரு வருசம் பொறுத்துக்க. நான் ஜாமீன். வாய்வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் போனில் கிழவர் டம்ளரை வாங்கி உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அடுத்து அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், பதினோரு தடவை கேட்டதுதான்.

நான் போன் பக்கம் திரும்பிவிட்டேன்.

முதுகுக்குப் பின்னால் இரண்டு வெட்டு விழுந்தது. முற்றம் முழுக்கப் பச்சை எலுமிச்சை வாசம் பரவியது. "யாருட்டி அங்க எலுமிச்சம்பழம் அறுக்கது?" என்று பாக்கியம் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள். "பட்ட மரம்னாவ, உள்ள பச்சையால்லா இருக்கு" என்று மாடக்கண்ணு தனக்குள் சொன்னார். பிறகு அரிவாளைத் துணியிலேயே துடைத்து வைத்துவிட்டுப் பாடையைத் தூக்கக் கைகொடுத்தார். மணி நாலு பத்து ஆகியிருந்தது, அதற்காகச் சத்தம் போட யாரும் இல்லை.

அன்றைக்கு அந்தச் சாவு வீட்டில் எல்லோரையும்விட அதிகமாக அழுதவள் கோமுதான் என்று தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.